அடிப்பரப்பிலிருந்து கனச்செவ்வகத்தின் கனஅளவு

கனச்செவ்வகம் ஒன்றின் கனஅளவு என்பது அதன் ஆறு முகங்களால் அடைக்கப்பட்ட வெளியின் அளவு ஆகும். முகங்களுள் ஒன்றை அடியாகக் கொண்டு, அதன் பரப்பளவை, அதற்குச் செங்குத்தாக அளக்கப்பட்ட உயரத்தால் பெருக்கி இதனைப் பெறலாம்.

கனஅளவு = அடிப்பரப்பு × உயரம்

பள்ளிப் பாடநூல்களில் இது பெரும்பாலும் "நீளம் × அகலம் × உயரம்" என்னும் வடிவில் தரப்படுகிறது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் கிடைப்பது அடிப்பரப்பே ஆதலால் இரண்டும் ஒன்றே. ஆயினும் அடிப்பரப்பைக் கொண்டு கூறும் வடிவமே கூடுதல் பொதுமை உடையது. அடி முக்கோணமாகவோ அறுகோணமாகவோ உள்ள பட்டகங்களுக்கும், அடி வட்டமாக உள்ள உருளைக்கும் அது சொல் மாறாமல் பொருந்துகிறது. நீள அகலங்கள் தெரியாமல் பரப்பளவு மட்டும் தெரிந்துள்ள இடத்திலும் அதனைப் பயன்படுத்தலாம். ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாபிலோனியக் கணக்குகளிலும் அடிப்பரப்பைத் தனியே கண்டபின்னரே கனஅளவு காணப்பட்டுள்ளது.

பெயர்கள்

கனச்செவ்வகம், செவ்வகத்தை அடியாகக் கொண்ட செங்குத்துப் பட்டகம் ஆகும். பட்டகம் என்னும் சொல் தமிழ்நாட்டில் வழங்குவது. இலங்கைப் பாடநூல்களில் இது அரியம் எனப்படும். அவ்வாறே கனஅளவு என்பது இலங்கையில் கனவளவு என்றும், கனச்செவ்வகம் கனவுரு என்றும் வழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாயின் அது கனசதுரம் ஆகும்.

வாய்பாடு பொருந்துவதன் காரணம்

3 செமீ நீளமும் 4 செமீ அகலமும் உடைய செவ்வக அடியொன்றைக் கருதுக. அதன் பரப்பளவு 12 சதுர செமீ. அதாவது, அவ்வடியை 1 செமீ பக்கமுள்ள 12 சதுரங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு சதுரத்தின் மீதும் 1 செமீ விளிம்புள்ள கனசதுரம் ஒன்றை வைத்தால், 1 செமீ தடிப்புள்ள அடுக்கு ஒன்று உருவாகும். அவ்வடுக்கில் 12 கனசதுரங்கள் இருக்கும். கனச்செவ்வகத்தின் உயரம் 5 செமீ எனில் இத்தகைய 5 அடுக்குகள் தேவை. எனவே கனஅளவு 12 × 5 = 60 கன செமீ ஆகும்.

இங்கு அடிப்பரப்பு ஆற்றும் பணி கவனிக்கத்தக்கது. 12 என்னும் எண் முதலில் சதுரங்களின் எண்ணிக்கையாக வந்து, பின்னர் ஓர் அடுக்கிலுள்ள கனசதுரங்களின் எண்ணிக்கையாக மாறுகிறது. எண் மாறவில்லை, அலகு மட்டுமே மாறியது. பரப்பளவையும் நீளத்தையும் பெருக்கிக் கனஅளவைப் பெற இயல்வது இதனால்தான்.

அடி முழுச் சதுரங்களாகப் பிரியாவிடினும் இக்காரணம் குலைவதில்லை. 2.5 செமீ நீளமும் 1.5 செமீ அகலமும் உள்ள அடியின் பரப்பளவு 3.75 சதுர செமீ. அதன் மீது 1 செமீ தடிப்புள்ள அடுக்கின் கனஅளவு 3.75 கன செமீ. உயரமும் பின்னமாயின் சிறிய அலகு ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். எடுத்துக்காட்டாக, விளிம்புகள் 1/2, 1/3, 1/4 செமீ எனில், 1 செமீ விளிம்புள்ள கனசதுரத்தினுள் இத்தகைய கனச்செவ்வகங்கள் 2 × 3 × 4 = 24 அடங்கும். எனவே ஒன்றின் கனஅளவு 1/24 கன செமீ. அடிப்பரப்பாகிய 1/6 ஐ உயரமாகிய 1/4 ஆல் பெருக்கினாலும் இதுவே கிடைக்கும்.

உயரம் 2 இன் வர்க்கமூலம் போன்ற விகிதமுறா எண்ணாக இருக்கும்போது எவ்வளவு சிறிய அலகை எடுத்தாலும் எண்ணி முடிக்க இயலாது. அப்பொழுது கனச்செவ்வகத்தை இரு அண்மிப்புகளுக்கு இடையே நெருக்க வேண்டும். அடிப்பரப்பு 4 சதுர செமீ எனவும் உயரம் 2 இன் வர்க்கமூலம் எனவும் கொள்வோம். உயரம் 1.41 க்கும் 1.42 க்கும் இடைப்பட்டது ஆதலால் கனஅளவு 5.64 க்கும் 5.68 க்கும் இடைப்பட்டது. அடுத்த தசமத்தில் 1.414, 1.415 என எடுத்தால் அது 5.656 க்கும் 5.660 க்கும் இடையில் அமையும். இந்த இடைவெளியை விரும்பிய அளவு குறுக்கலாம். எல்லா நெருக்கங்களுக்கும் உட்பட்டு நிற்கும் எண் ஒன்றே ஒன்றுதான். அது 4 ஐயும் 2 இன் வர்க்கமூலத்தையும் பெருக்கிய பலன் ஆகும். தொடக்கநிலைப் பாடநூல்கள் இப்படியைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன.

எம்முகம் அடி?

கனச்செவ்வகத்தின் எந்த முகத்தையும் அடியாகக் கொள்ளலாம். தரையில் படிந்திருக்கும் முகமே அடி என்பது வழக்கமே ஒழியக் கட்டாயமன்று. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 12 × 5, 15 × 4, 20 × 3 ஆகிய மூன்றும் 60 ஐயே தருகின்றன. ஆனால் அடியை மாற்றும்போது உயரத்தையும் உடன் மாற்ற வேண்டும். பக்கவாட்டு முகமொன்றின் பரப்பளவை எடுத்துக்கொண்டு, அம்முகத்திலேயே கிடக்கும் விளிம்பை உயரமாகக் கொண்டு பெருக்குவது அடிக்கடி நிகழும் பிழையாகும்.

இதிலிருந்து பயனுள்ள முடிவொன்று கிடைக்கிறது. ஒரு முனையில் சந்திக்கும் மூன்று முகங்களின் பரப்பளவுகள் மட்டும் தெரிந்தால், விளிம்புகளை அளக்காமலே கனஅளவைக் காணலாம். மூன்று பரப்பளவுகளையும் பெருக்கினால் ஒவ்வொரு விளிம்பும் இருமுறை வருவதால், அப்பெருக்கற்பலனின் வர்க்கமூலமே கனஅளவு ஆகும். 12, 15, 20 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 3600. அதன் வர்க்கமூலம் 60.

அலகுகள்

பரப்பளவும் உயரமும் ஒரே நீள அலகைச் சார்ந்திருத்தல் வேண்டும். சதுர மீட்டரை மீட்டரால் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். சதுர மீட்டரைச் சென்டிமீட்டரால் பெருக்கினால் கிடைக்கும் எண் நூறு மடங்கு பிழைபட்டிருக்கும். 1 கன மீட்டர் 1000 லீட்டருக்குச் சமம். 1901 இல் லீட்டர் 1 கிலோகிராம் தூய நீரின் கனஅளவாக வரையறுக்கப்பட்டது. ஆதலால் அது 1000 கன செமீ ஐ விட மிகச் சிறிதளவு, ஏறத்தாழ 1000.028 கன செமீ, கூடுதலாக இருந்தது. 1964 இல் அவ்வரையறை கைவிடப்பட்டு, லீட்டர் சரியாக 1000 கன செமீ என்றாயிற்று.

எனினும் அலகுகளை வேண்டுமென்றே கலந்து பயன்படுத்தும் துறைகளும் உள்ளன. அங்குக் கனஅளவின் அலகே "இன்ன பரப்பின் மீது இன்ன உயரம்" என்னும் பொருளில் அமைந்திருக்கும். ஓர் ஏக்கர் நிலத்தின் மீது ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி ஆகும். இது 43,560 கன அடிக்குச் சமம். இலங்கையின் நீர்ப்பாசனக் குளங்களின் கொள்ளளவு இவ்வலகில் கூறப்படுவதுண்டு. தமிழ்நாட்டு அணைகளுக்கு வழங்கும் டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதாவது ஏறத்தாழ 22,957 ஏக்கர் அடி.

மழையளவும் இவ்வகையினதே. மழை மில்லிமீட்டரில் கூறப்படுவது அது உயரம் என்பதால் ஆகும். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மிமீ மழை நின்றால் அது சரியாக 1 லீட்டர். எனவே 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மிமீ மழை பெய்தால், அதில் விழும் நீர் 5000 லீட்டர். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அத்தகைய அமைப்புக்குத் தொட்டி கட்டுவோர் இதே வாய்பாட்டைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும். 2 மீ நீளம், 1.5 மீ அகலத்துக்கு மட்டுமே இடமுள்ளது எனில் அடிப்பரப்பு 3 சதுர மீட்டர். 5 கன மீட்டர் நீரை அதில் தேக்க 5 ÷ 3, அதாவது ஏறத்தாழ 1.67 மீ ஆழம் வேண்டும். அத்தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் 30 லீட்டர். தொட்டியின் அடிப்பரப்பு ஒருமுறை தெரிந்துவிட்டால், பின்னர் ஒரு குச்சியை விட்டே நீரின் அளவைக் கூறிவிடலாம்.

கட்டுமானத் தொழிலில் மணலும் சல்லியும் "யூனிட்" கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் 100 கன அடி. லாரியின் உட்புற நீளம் 14 அடி, அகலம் 7 அடி எனில் அடிப்பரப்பு 98 சதுர அடி. எனவே ஓரடி உயர மணல் ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகிவிடுகிறது. நீளமும் அகலமும் வண்டிக்கு வண்டி நிலையானவை. மாறுவது உயரம் மட்டுமே. ஆகையால் வாங்குவோர் கவனிக்க வேண்டியதும் உயரத்தையே. மணலைச் சமப்படுத்திய பின், பல இடங்களில் கம்பியைச் செருகி ஆழம் பார்ப்பது இதற்காகவே. இரண்டு அங்குலம் குறைந்தால் 98 சதுர அடியில் அது 16 கன அடிக்கும் மேற்பட்ட இழப்பாகும். ஈரமணல் உலர்மணலைவிடக் கூடுதல் இடத்தை அடைக்கும் என்பதால், வாய்பாடு சரியாக இருந்தும் மணல் குறையலாம். அது வடிவவியலின் குற்றமன்று.

வரலாறு

கி.மு. இரண்டாம் ஆயிரவாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகைகளில் கனஅளவுக் கணக்குகள் நிறைய உள்ளன. கால்வாய் வெட்டுதல், கரை அமைத்தல், செங்கல் அடுக்குதல் ஆகிய வேலைகளுக்கு எத்தனை ஆட்கள் வேண்டும், கூலி எவ்வளவு என்பவையே அவற்றின் பொருள். கிடைமட்ட நீளங்கள் நிந்தன் என்னும் அலகிலும், உயரமும் ஆழமும் முழத்திலும் அளக்கப்பட்டன. ஒரு நிந்தன் 12 முழம். ஏறத்தாழ 6 மீ. ஒரு நிந்தன் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பளவு ஒரு சார் ஆகும். அச்சதுரத்தின் மீது ஒரு முழ உயரத்துக்கு நிற்கும் கனஅளவும் அதே பெயரால் சார் என்றே அழைக்கப்பட்டது. ஒரே பெயர் பரப்பளவுக்கும் கனஅளவுக்கும் வழங்கியமை இன்று குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் மேலே கூறிய அடுக்கு முறையே இங்கு அலகாக வடிவெடுத்துள்ளது. ஒரு முழ உயரத்துக்குப் பரப்பளவு எண்ணே கனஅளவு எண் ஆகும். அதன்பின் எத்தனை முழம் என்பதால் பெருக்கினால் போதும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பாபிலோனியத் தொகுப்பில் 4663 ஆம் எண்ணுள்ள பலகையின் முதற்கணக்கு இதற்குத் தெளிவான சான்றாகும். அக்கணக்கில் வெட்டப்படும் அகழி ஒன்றின் நீளம் 5 நிந்தன், அகலம் ஒன்றரை நிந்தன், ஆழம் அரை நிந்தன். ஓர் ஆள் ஒரு நாளில் வெட்ட வேண்டிய மண் 10 கின். அதாவது ஒரு சாரின் ஆறிலொரு பங்கு. கூலி 6 சே வெள்ளி. அடிப்பரப்பு, கனஅளவு, ஆட்கள், வெள்ளி ஆகிய நான்கும் எவ்வளவு என்பது வினா. அடிப்பரப்பு தனி விடையாகக் கேட்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. அது 5 × 1.5 = 7.5 சார். அரை நிந்தன் ஆழம் 6 முழம் ஆதலால் கனஅளவு 7.5 × 6 = 45 சார். ஆறிலொரு பங்கால் வகுக்க ஆட்கள் 270. கூலி 1620 சே. 180 சே கொண்டது ஒரு கின் வெள்ளி ஆதலால் அது 9 கின் ஆகும். (கின் என்பது கனஅளவில் சாரின் அறுபதிலொரு பங்கு, வெள்ளிக்கு அது எடை அலகு.)

இன்றைய அளவில் அவ்வகழி ஏறத்தாழ 30 மீ நீளமும் 9 மீ அகலமும் 3 மீ ஆழமும் உடையது. கனஅளவு 810 கன மீட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 கன மீட்டர். ஆழத்தை நிந்தனிலிருந்து முழத்துக்கு மாற்ற மறந்தால் அடிப்பரப்பு தவிர்ந்த மற்ற விடைகள் எல்லாம் பன்னிரண்டிலொரு பங்காகச் சுருங்கிவிடும். 270 ஆட்களின் இடத்தில் 22.5 ஆட்கள் என வரும். அலகு மாற்றத்தில் நிகழும் பிழை அன்றும் கூலியில் வந்து விடியக்கூடியதாகவே இருந்தது.

கிரேக்கத்தில் யூக்ளிட் தம் நூலின் பதினோராம் பகுதியில் இப்பொருளை எண்களின்றி, விகிதங்களாகவே ஆராய்ந்தார். எதிர்முகங்கள் இணையாக உள்ள இத்தகைய திண்மங்கள் இரண்டு ஒரே உயரமுடையனவாயின், அவற்றின் கனஅளவுகள் அடிப்பரப்புகளின் விகிதத்தில் இருக்கும் என்பது அப்பகுதியின் 32 ஆம் தேற்றம். சம கனஅளவுள்ளவற்றில் அடிப்பரப்பும் உயரமும் ஒன்றுக்கொன்று தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்பது 34 ஆம் தேற்றம். "அடிப்பரப்பு × உயரம்" என்னும் பெருக்கல் அங்கு எங்கும் எழுதப்படவில்லை எனினும், அதன் உள்ளடக்கம் முழுவதும் அவ்விரு தேற்றங்களில் அடங்கியுள்ளது.

சீனாவின் "ஒன்பது அத்தியாயங்கள்" என்னும் கணித நூலின் ஐந்தாம் அத்தியாயம் மதில், கரை, கால்வாய் முதலியவற்றின் கனஅளவையும் அவற்றுக்கான ஆட்களின் கணக்கையும் கூறுகிறது. இவை பெரும்பாலும் சரிவகக் குறுக்குவெட்டு உடையவை. குறுக்குவெட்டுப் பரப்பைக் கண்டு நீளத்தால் பெருக்குவது அங்குள்ள முறை. மதிலைப் பக்கவாட்டில் படுத்த பட்டகமாகக் கண்டால், இதுவும் அடிப்பரப்பு முறையே என்பது விளங்கும்.

இந்தியாவில் பிரம்மகுப்தர் 628 இல் இயற்றிய நூலில், குழியின் பரப்பளவை ஆழத்தால் பெருக்கக் கனஅளவு கிடைக்கும் என்றும், கூராக முடியும் குழிக்கு அதில் மூன்றிலொரு பங்கு என்றும் கூறினார். இரண்டாம் பாஸ்கரர் 1150 இல் இயற்றிய லீலாவதியிலும் குழிக் கணக்குகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. சீரற்ற குழியாயின் பல இடங்களில் அளந்து சராசரி கண்டு, பின்னர் பெருக்க வேண்டும் என்பது அவர் விதி. லாரி மணலில் பல இடங்களில் கம்பி செருகுவோர் பின்பற்றுவதும் இவ்விதியையே.

சாய்ந்த பட்டகம்

ஒரு கட்டுத் தாளை நேராக அடுக்கினால் கனச்செவ்வகம் கிடைக்கும். அதனைக் கையால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் அடுக்கு சாயும். ஆனால் தாள்களின் எண்ணிக்கையோ ஒரு தாளின் பரப்போ மாறுவதில்லை. எனவே கனஅளவும் மாறாது. ஒரே அடியும் ஒரே உயரமும் உடைய நேரான, சாய்ந்த திண்மங்கள் சமமானவை என்பதை யூக்ளிடும் நிறுவியுள்ளார். இங்கு உயரம் என்பது சாய்ந்த விளிம்பின் நீளமன்று. அடிக்கும் மேல்முகத்துக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவாகும். 10 செமீ நீளமுள்ள விளிம்பு அடியுடன் 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருந்தால் உயரம் 5 செமீ மட்டுமே. விளிம்பையே உயரமாகக் கொண்டால் விடை இரட்டிப்பாகிவிடும்.

ஒவ்வோர் உயரத்திலும் சமமான குறுக்குவெட்டுப் பரப்புகளைக் கொண்ட, ஒரே உயரமுள்ள இரு திண்மங்கள் சம கனஅளவுடையவை என்னும் பொதுக் கொள்கை, 1635 இல் நூல் வெளியிட்ட இத்தாலியக் கணிதவியலாளர் கவலியேரியின் பெயரால் வழங்குகிறது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சீனாவின் சூ கெங் இக்கொள்கையைக் கொண்டு கோளத்தின் கனஅளவைக் கண்டிருந்தார்.

வாய்பாடு பொருந்தாத இடங்கள்

அடியிலிருந்து மேல்முகம் வரை குறுக்குவெட்டுப் பரப்பு மாறாதிருத்தல் இவ்வாய்பாட்டின் இன்றியமையாத நிபந்தனையாகும். இது மறக்கப்படும்போது விளையும் பிழை சிறியதன்று. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது அதன் நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். இவ்விரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 198 டி.எம்.சி. கிடைக்கும். ஆனால் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டுமே. நீர்த்தேக்கம் மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருப்பதால் மேற்பரப்பை அடிப்பரப்பாகக் கொள்ளவியலாது. நீர்மட்டம் 120 அடியிலிருந்து 60 அடிக்கு இறங்கினால் பாதி நீர் எஞ்சியிருக்கும் எனக் கருதுவதும் இதே பிழையாகும். எஞ்சுவது பாதியைவிட மிகக் குறைவு.

சரிந்த பக்கங்களையுடைய குளத்துக்கு லீலாவதி கூறும் முறை துல்லியமானது. மேல்முகம் 12 க்கு 10 முழம், அடி 6 க்கு 5 முழம், ஆழம் 7 முழம் என்பது அந்நூலின் எடுத்துக்காட்டு. மேற்பரப்பு 120, அடிப்பரப்பு 30, மேல், கீழ் அளவுகளைக் கூட்டிய 18, 15 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 270. மூன்றின் கூட்டுத்தொகை 420. அதன் ஆறிலொரு பங்கு 70. இதுவே சமப்படுத்தப்பட்ட பரப்பு. அதனை 7 ஆல் பெருக்க 490 கன முழம். மேற்பரப்பையே பெருக்கியிருந்தால் 840 என்றும், இரு பரப்புகளின் எளிய சராசரியைப் பெருக்கியிருந்தால் 525 என்றும் வந்திருக்கும். சரிந்த குளத்தை, அதே ஆழமும் 70 சதுர முழ அடியும் உடைய கனச்செவ்வகமாக மாற்றிக்கொள்வதே இங்கு நிகழ்கிறது.

கற்பித்தலில்

கனசதுரங்களால் கட்டப்பட்ட கனச்செவ்வகத்தின் படத்தைக் காட்டி, எத்தனை கனசதுரங்கள் உள்ளன என்று வினவினால், சிறுவர் பலர் கண்ணுக்குத் தெரியும் சதுரங்களை எண்ணத் தொடங்குவர். மைக்கேல் பட்டிஸ்டா, டக்ளஸ் கிளெமென்ட்ஸ் ஆகியோர் அமெரிக்காவின் மூன்றாம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதனை ஆராய்ந்து 1996 இல் வெளியிட்டனர். 3, 4, 5 செமீ அளவுள்ள கனச்செவ்வகத்தில் ஆறு முகங்களிலும் உள்ள சதுரங்களை எண்ணினால் 94 வரும். விளிம்பிலும் முனையிலும் உள்ள கனசதுரங்கள் இருமுறை, மும்முறை எண்ணப்படுவதும், உள்ளே மறைந்துள்ள 6 கனசதுரங்கள் விடுபடுவதும் இதற்குக் காரணம். சரியான விடையாகிய 60 ஐப் பெற, மாணவர் அதனை அடுக்குகளாகக் காண வேண்டும்.

மூன்று எண்களைப் பெருக்கும் வாய்பாட்டை மனப்பாடம் செய்த மாணவர் இக்கணக்கில் தவறுவதில்லை. ஆனால் அடி முக்கோணமாக மாறியதும் எந்த மூன்று எண்களைப் பெருக்குவது என்று திகைப்பர். அடிப்பரப்பிலிருந்து தொடங்கியவருக்கு அங்குப் புதிதாகக் கற்க வேண்டியது முக்கோணத்தின் பரப்பளவு மட்டுமே.